ஒன்பது நாற்பதுக்கு ஒரு ரிங்

கம்ப்யூட்டருக்குப் போகும் டெலிபோன் லைன் தினமும் ஏன் அறுந்துபோகிறது என்பது அந்த ஆபீஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொல்லவில்லை. சொல்லாததால் ஒரு பெண்ணுக்கு வேலை போயிற்று. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது என்னை நல்லவனாக்கிக்கொண்டுவிடுவேன். அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு.

நீடாமங்கலத்தில் ஒரு விதைநெல் கம்பெனியின் கிளையில் வேலை பார்த்தேன். கிடங்கில் மூட்டைக்குச் சீட்டுக் கட்டுகிறவனாகச் சேர்ந்தவன். ரகத்தின் எண்ணை மாற்றி எழுதமாட்டேன் என்று பெயர் இருந்ததால், கம்ப்யூட்டர் வந்தபோது அதன் முன்னால் என்னை உட்காரவைத்தார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் அதன் முன்னால் உட்காருவதைப் பார்க்க முதல் வாரம் சுமைக்காரர்கள் எல்லாரும் ஜன்னலில் நின்றார்கள்.

தலைமை ஆபீஸ் தஞ்சாவூரில். அங்கே நாலு கம்ப்யூட்டர்களைக் கம்பி போட்டு ஒன்றோடொன்று சேர்த்திருந்தார்கள். தினமும் காலையில் நான் ஒரு பட்டனைத் தட்டினால், மேஜைமேல் இருக்கும் மோடம் என்கிற சின்னப் பெட்டி டெலிபோன் வழியாகத் தஞ்சாவூரைக் கூப்பிடும். முதலில் கீச்சென்று கத்தும், பிறகு கொரகொரவென்று இழுக்கும், பிறகு சத்தம் நின்று பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் சேர்ந்துவிட்டது. எந்த ஊருக்கு எந்த ரகம் எத்தனை மூட்டை வேண்டும், கையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அதன் வழியே போகும். முழுதும் போய்ச் சேர அரைமணி நேரம் பிடிக்கும். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

சீக்கிரமே ஆரம்பித்தால் என்ன என்று கேட்கலாம். முடியாது. தஞ்சாவூரில் முதலாளி தானே வந்து, மெயின் கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி காட்டிய பிறகுதான் அதைப் போடுவார்கள். அது முடிய ஒன்பதேகால் ஆகும். பத்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார். அதற்குள் வந்து சேராத கிளைக்கு அன்றைக்கு விதை லாரி கிடையாது. போனில் வாயால் சொன்னால் எடுத்துக்கொள்ளமாட்டார். ஒருமுறை அப்படிச் சொல்லி ரகம் மாறிப்போய், ஒரு ஊரே வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டது.

தஞ்சாவூரில் அந்த நாலு கம்ப்யூட்டர்களையும் பார்த்துக்கொண்டவள் ஒரு பெண். முப்பது வயசுக்குள் இருக்கும். கம்ப்யூட்டர் படிப்பில் டிகிரி வாங்கியவள். நாங்கள் கம்ப்யூட்டர் மேடம் என்போம். இணைப்பு அறுந்தால் மானேஜர் மேஜையில் இருக்கும் இன்னொரு போனில் நான் அவளைக் கூப்பிட வேண்டும். ஒயரை நீளமாக இழுத்து, ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவள் சொல்லச் சொல்லச் செய்ய வேண்டும். நான் கூப்பிட்ட முதல் நாளே அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று தெரிந்துவிட்டது.

"ஸ்கிரீன்ல என்ன தெரியுது?"

"இங்கிலீஷ்ல ஏதோ வந்துருக்கு மேடம்."

"இங்கிலீஷ்ல வராம பாசுரமாவா வரும்? படிங்க."

"டி... ஐ... எஸ்... சி..."

"எழுத்துக் கூட்டாதீங்க. முழுசாப் படிங்க. எத்தனாவது படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது மேடம். பாதியில..."

"எந்தப் பாதி? முன்பாதியா, பின்பாதியா?"

அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். ஒருநாள் உதவும் என்று நினைத்து வைக்கவில்லை. ஆனால் உதவியது.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருஷம்தான் அவள் மன்னார்குடியில் காலேஜில் சேர்ந்திருந்தாள். நீடாமங்கலத்திலிருந்து பஸ். நான் கவலைப்படுகிற ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். இழுத்துப் பார்த்ததில் பூட்டு திறந்துகொண்டிருக்குமோ என்று மறுபடியும் வருவேன். அப்படிப்பட்டவனின் ஒரே பெண், கூட்டமான பஸ்ஸில், ஆற்றங்கரை ரோட்டில், தினமும் போகிறாள். முதல் வாரம் கண்டக்டரிடம் டயர் எப்போது மாற்றினது என்று கேட்டேன். அவர் மகளைப் பார்த்து, "உங்கப்பாவையும் கூட்டிட்டுப் போயிரும்மா, ஸ்டெப்னிக்கு ஆவும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். காலேஜ் வாசலில் ஒரு ரூபாய் போன் பெட்டி இருந்தது. போய் இறங்கியதும் ஒரு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். எடுத்தால்தான் காசு விழும், ரிங்குக்குக் காசில்லை. அந்தக் காலத்தில் பாதி ஊர் இப்படித்தான் பேசிக்கொண்டது. ஒரு ரிங் என்றால் வந்தாச்சு, இரண்டு ரிங் என்றால் கிளம்பியாச்சு. மானேஜர் மேஜை போனில் சொந்த விஷயம் பேசினால் அவர் கத்துவார். ஆகவே என் மேஜையில் இருந்த போனின் நம்பரைக் கொடுத்தேன். அதைத்தான் பிறகு கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள்.

அந்த லைன் முன்பு மானேஜருடையது. அவருக்குப் புது நம்பர் வருவதற்கு முன்னால், யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு என்று வரக்கூடாதென்று அதற்குக் கால் வெயிட்டிங் போடச் சொன்னார். பேசிக்கொண்டிருக்கும்போதே வேறு யாராவது கூப்பிட்டால் காதில் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும், கூப்பிட்டவருக்கு மணி அடிப்பதுபோலவே கேட்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்று அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தவன் நான்தான். மானேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார், ஒரு மாதத்தில் மறந்தும்விட்டார்.

கம்ப்யூட்டர் இணைந்த முதல் நாள் ஒன்பது நாற்பதுக்கு லைன் அறுந்தது. எனக்கு அது பெரிதாகப்படவில்லை. மகளுடைய ரிங் வரவில்லை, அதுதான் பெரிதாகப்பட்டது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகக் கேட்டேன்.

"ஏன் ரிங் விடல?"

"விட்டேனே. நல்லா மணி அடிச்சிச்சே."

"எத்தன மணிக்கு?"

"ஒம்போது நாப்பது இருக்கும். ஏம்ப்பா இப்படி வேத்துருக்கு உனக்கு?"

அப்போதுதான் அந்தப் படிவம் ஞாபகத்துக்கு வந்தது. அவள் கூப்பிடுகிறாள். லைனில் 'பீப்' விழுகிறது. மனுஷன் காதில் விழுந்தால் ஒன்றுமில்லை. மோடத்தின் காதில் விழுந்தால் அது மிரண்டு, கையை விட்டுவிடுகிறது. மறுநாள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாற்பத்தொன்று. பச்சை விளக்கு அணைந்தது. இன்னொரு நாள் மழையில் பஸ் கொஞ்சம் தாமதம், ஒன்பது நாற்பத்துநாலுக்கு அணைந்தது. விளக்கு அணைந்தால் மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எவ்வளவு சுலபமாக முடித்திருக்கலாம். கால் வெயிட்டிங்கை எடுத்துவிடச் சொல்லியிருக்கலாம், ஒரு நடை எக்ஸ்சேஞ்சுக்கு. இல்லையென்றால் மகளிடம் பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லலாம். ஆனால் எப்படிச் செய்தாலும் காலை ரிங் போய்விடும். ஒன்பதே முக்காலுக்குக் காலேஜ் கேட்டை மூடிவிடுவார்கள். போன் பெட்டி கேட்டுக்கு வெளியே. மறுபடி திறப்பது பன்னிரண்டரைக்கு. அந்த மூன்று மணி நேரத்தை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். பக்கத்து உரக்கடையிலும் போன் இருந்தது. கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை.

ஆகவே தினமும் ஒன்பது முப்பத்தைந்திலிருந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். அணையும். வயிறு குளிரும். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மானேஜர் போனை எடுத்து, "போச்சு மேடம்" என்பேன்.

ஆற்றில் தண்ணீர் வந்து, சம்பாவுக்கு நாற்று விடுகிற நேரம். வாரத்தில் ஐந்து நாளும் எங்கள் கிளைக்கு லாரி இல்லை. சனிக்கிழமை மட்டும் மகளுக்கு லீவு என்பதால் வந்தது. மற்ற நாள் விதை கேட்டு வந்தவர்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். "சேத்த அடிச்சு வச்சிட்டு வந்து நிக்கிறேன். காஞ்சுபோனா நீ வந்து அடிக்கிறியா?" மானேஜர் என் தோளைப் பிடித்து அவர்களுக்கு முன்னால் தள்ளுவார். "இந்தா, கம்ப்யூட்டர் இவருதான். இவருகிட்ட கேளுங்க. எட்டாங்கிளாஸ் கம்ப்யூட்டர்." ஒருவர் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவிப் பார்த்துவிட்டு, "இதுலயாச்சும் மை இருக்கா?" என்றார். நான் நின்றேன். அந்த அவமானம் பெரிதாகத் தெரியவில்லை. மகள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

ஆனால் என்னைத் திட்டுவதோடு விஷயம் நிற்கவில்லை. தஞ்சாவூரில் முதலாளி தினமும் கம்ப்யூட்டர் மேடத்தை நிற்கவைத்துக் கேட்டார். மற்ற கிளைகள் எல்லாம் ஒழுங்காக வருகின்றன, நீடாமங்கலம் மட்டும் ஏன் அறுகிறது? அவள் என்னென்னவோ செய்தாள். வேகத்தைக் குறைக்கச் சொன்னாள், ஒயரைத் தட்டச் சொன்னாள், ஒரு புரோகிராமை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக நான் படித்தேன், ஒவ்வொரு எழுத்தாக அவள் கேட்டாள். அவள் குரலிலிருந்த கேலி வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசியில் பஸ் பிடித்து நேரிலேயே வந்தாள். ஒரு துணிப்பையில் புது மோடம், தயிர்சாத டப்பா. நேரில் பார்த்தால் சின்ன உருவம். வரும் வழியில் ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் நின்று வெயிலில் கறுத்திருந்தாள்.

அவள் வந்தது சனிக்கிழமை.

பழைய மோடத்தைக் கழற்றிப் புதிதை மாட்டினாள். என் மேஜை போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். "இந்த நம்பருக்கு வேற யாராச்சும் கூப்பிடுவாங்களா?"

"இந்த நம்பர் யாருக்கும் தெரியாது மேடம்."

அவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னதை நம்பியதால் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை.

ஒன்பதேகாலுக்கு ஆரம்பித்தோம். ஒன்பது நாற்பது தாண்டியது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒன்பது நாற்பத்தெட்டுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை எப்போதுமே போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, மானேஜருக்கு அது உறைத்ததே இல்லை. அவள் இரண்டு கையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டினாள், குழந்தைபோல. "பாத்தீங்களாண்ணே! மோடம்தான்!" அன்றைக்குத்தான் என்னை முதல் முறையாக அண்ணே என்றாள். தயிர்சாதத்தில் பாதியை டப்பா மூடியில் வைத்து எனக்குக் கொடுத்தாள். ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு விளக்கு அணைந்தது.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். மானேஜர் வெளியே போயிருந்தார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள காரணத்தை எழுதிக் குடுன்னுட்டாரு சார். இல்லாட்டி வர வேணாங்கறாரு. இந்த வேலை போனா எங்க வீட்டுல அடுத்த வேலைக்கு அனுப்ப மாட்டாங்கண்ணே. மாமியார் காத்துக்கிட்டு இருக்காங்க, எப்படா இவ அடுப்படிக்கு வருவான்னு. உண்மையச் சொல்லுங்க. ஒம்போது நாப்பதுக்கு அங்க என்ன நடக்குது? மோட்டார் ஏதாச்சும் போடுறாங்களா? மில் ஓடுதா?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று மனசு ஓடியது. மானேஜர், வாசலில் நிற்கிறவர்கள், முதலாளி. இத்தனை நாளும் தெரிந்தே இருந்தாயா? வேலை எனக்குப் போகும். முன்பாதியா பின்பாதியா என்று சிரித்தவர்கள் இன்னொரு தடவை சிரிப்பார்கள். அதற்குள் வாய் தானாகவே பேசிவிட்டது.

"அந்த நேரத்துக்குத்தான் மேடம் சரக்கு ரயில் ஷண்டிங் பண்ணுவாங்க. கேட்டு மூடியிருக்கும். நீங்களே பாத்தீங்களே. தண்டவாளம் ஓரமாத்தான் நம்ம கம்பி போவுது. அதிர்ச்சியில ஆடும்."

"சனிக்கெழம?"

"சனிக்கெழம ஷண்டிங் கெடையாது மேடம்."

அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "இதை ஏண்ணே முன்னாடியே சொல்லல? நல்லாருப்பீங்க. இப்பவே எழுதிடுறேன்."

ஷண்டிங் இல்லாத சனிக்கிழமை அவள் கேட்டில் நின்றது எந்த ரயிலுக்கு என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. முதலாளிக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மானேஜர் மேஜை போன் அடித்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னார் முதலாளி. அந்தப் பக்கம் தஞ்சாவூர் ஆபீஸ் முழுவதும் கூடியிருந்தது தெரிந்தது. அவள் எழுதிக் கொடுத்ததை அவர் சத்தமாகப் படித்தார். நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் மக்குப் பையனுடைய நோட்டைப் படிப்பதுபோல.

"ரயில் அதிர்ச்சியினால் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. கேட்டீங்களாய்யா? ரயில் வந்தா நம்ம கம்ப்யூட்டர் பயந்துக்குதாம். தாயத்துக் கட்டலாமாம்மா?"

இரண்டு பக்கமும் சிரிப்பு. எங்கள் மானேஜர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"ஏம்மா, சனிக்கெழம ஷண்டிங் இல்லேன்னு எழுதிருக்க. அன்னைக்கு நீடாமங்கலம் கேட்ல அரைமணி நேரம் நின்னேன்னு நீதானே வந்து சொன்ன? எதுக்கு நின்ன, மாப்பிள்ள ஊர்வலமா போச்சு?"

அவள் குரல் மெதுவாக வந்தது. "அங்க இருக்கறவருதான் சார் சொன்னாரு."

"யாரு? அந்த எட்டாங்கிளாஸா? அவன் சொன்னான், நீ எழுதுன. அப்ப உன் டிகிரியைக் கொண்டுபோய் அவன்கிட்ட குடுத்துட்டு அவன்கிட்ட படி. நாளையிலேருந்து வர வேணாம்."

பிறகு என்னைக் கேட்டார். "ஏய்யா, நீ சொன்னியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "அந்த நேரத்துக்கு ரயில் வரும்னு பொதுவாச் சொன்னேன் சார். கம்ப்யூட்டரைப் பத்தி எனக்கு என்ன சார் தெரியும்?"

"அது போதும்" என்றார் முதலாளி.

அடுத்த வாரம் திருச்சியிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் தஞ்சாவூரில் உட்கார்ந்தபடியே மானேஜருக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்டார். அந்த லைனில் கால் வெயிட்டிங் இருக்கிறதா? மானேஜர் என்னைப் பார்த்தார். "தெரியலையே சார்" என்றேன். எக்ஸ்சேஞ்சில் கேட்டார்கள், இருந்தது, எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிஷ வேலை.

மறுநாள் ஒன்பது நாற்பத்தொன்று. விளக்கு எரிந்தது. நாற்பத்தைந்து. எரிந்தது. பட்டியல் முழுதும் போய்ச் சேர்ந்துவிட்டது. மானேஜர் டீ வாங்கிக் கொடுத்தார், "ஒருவழியா ஒன் தரித்திரம் வெலகுச்சுய்யா" என்றார். எனக்கு டீ இறங்கவில்லை. ஆற்றங்கரை ரோட்டில் பஸ் சாய்ந்து கிடக்கிற மாதிரியே தெரிந்தது. நாலு தடவை எழுந்து போய்க் கொல்லைப்பக்கம் நின்றேன். பன்னிரண்டு முப்பத்தேழுக்கு என் மேஜை போன் ஒரு ரிங் அடித்து நின்றது.

சாயங்காலம் மகள், "காலையில எங்கேஜ்டாவே இருந்துச்சுப்பா. அதான் மத்தியானம் விட்டேன். இனிமே அப்பவே விடட்டுமா?" என்றாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"விடு" என்றேன்.

இரண்டாம் நாள் கொஞ்சம் குறைந்தது. மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு வடை சாப்பிட்டேன். நாலாம் நாள் அவளை நினைக்கவே இல்லை என்பது ரிங் வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. அந்த மூன்று மணி நேரம் அவ்வளவுதான் இருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானம் பன்னிரண்டரைக்கு என் மேஜை போன் அடித்தது. நிற்காமல் அடித்தது. எடுத்தேன்.

"அண்ணே, நான்தான்."

அவளுக்கு அந்த நம்பர் தெரியும், தினமும் அதோடுதானே மல்லுக்கட்டினாள். பின்னால் குக்கர் விசில் அடித்தது.

"சொல்லும்மா." மேடம் என்று வாயில் வரவில்லை.

"இப்பவும் கட் ஆவுதாண்ணே?"

"இல்லம்மா. நின்னுபோச்சு."

"எப்பலேருந்து?"

"ஒரு பத்து நாளா."

மனசுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்திருப்பாள்.

"அப்ப ரயிலு?"

"ரயில் நேரத்த மாத்திட்டாங்கம்மா. இப்பல்லாம் சாயங்காலந்தான் ஷண்டிங்."

"அப்படியா?" குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "அப்ப நான் எழுதினது சரிதானேண்ணே? இங்க எங்க வீட்டுல தினமும் ரயில் மாதிரி ஊதிக் காட்டுறாங்க, சின்னப் புள்ளைங்க முன்னாடி. நீங்க சார்கிட்ட ஒரு வார்த்த சொல்றீங்களா? ரயில் நேரம் மாறினதாலதான் நின்னுச்சுன்னு?"

கடிகாரம் பன்னிரண்டு முப்பத்தாறு காட்டியது. கால் வெயிட்டிங் இல்லை. இவள் பேசிக்கொண்டிருந்தால் என் பெண்ணுக்கு எங்கேஜ்டு வரும்.

"சொல்றேம்மா. வையி. லைன் வேணும்."

"ஒரே ஒரு நிமிஷம்ணே..."

வைத்துவிட்டேன். ரிசீவர் மேலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளங்கைக்குக் கீழே ஒரு ரிங் அடித்து நின்றது. டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தேன்.